நீர்மூழ்கியின் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது

சோவியத் வடிவமைப்பான ‘கிலோ’ வகை டீசல்-மின் நீர்மூழ்கியில் 120 செல் வீதம் இரண்டு பேட்டரித் தொகுதிகள் இருக்கும். மூழ்கியபின் கப்பலுக்கு உயிரே இவைதான்.

முதலில் காற்றோட்ட விசிறியை ஓடவிடுங்கள். காற்று உண்மையிலேயே நகர்கிறதா என்று பார்த்தபிறகே ஜெனரேட்டரை இணையுங்கள். ஈய-அமில செல் 2.4 வோல்ட்டை நெருங்கும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழியிடும். மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட வேண்டும். சார்ஜ் முடிந்தபின்னும் வாயு வரும், விசிறியை உடனே அணைக்காதீர்கள்.

செல்லில் திரவ மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுங்கள். குறைந்தது நீர்தான், அமிலம் அல்ல. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒரு செல்லின் அளவு மட்டும் தாழ்ந்தால் குறித்து வையுங்கள்: தொடரிணைப்பில் பலவீனமான செல் துருவம் மாறிச் சூடேறும்.

பேட்டரிக் குழியில் ஈரமா? கடல்நீரா என்று உடனே சோதியுங்கள். அது அமிலத்தில் கலந்தால் குளோரின் கிளம்பும்.