பழைய கேஸ் அடுப்பில் கசிவா? கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுப்பு எரியாத நேரத்திலும் கேஸ் வாடை அடிக்கிறது என்றால், "சிலிண்டர் தீரப் போகிறது, அதனால்தான்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அதில் பாதி உண்மை உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டான் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அது எரிவாயுவைவிட மெதுவாக ஆவியாவதால் சிலிண்டரின் அடியில் தங்கி, கடைசி நாட்களில் வாடையைக் கூட்டும். ஆனால் மூடிய அடுப்பிலிருந்து வாடை வருகிறதென்றால், வெளியேற ஒரு வழி இருக்கிறது என்றுதானே பொருள்? இன்று மெல்ல வாடை காட்டும் அந்த வழி, புதுச் சிலிண்டர் மாட்டிய பிறகும் அங்கேதான் இருக்கும். "இப்போது வாடை இல்லையே" என்று நிம்மதி அடைவதும் தவறு. அதே காற்றில் சிறிது நேரம் நின்றால் மூக்கு மரத்துப்போகும். வெளியே போய்த் திரும்பி வந்து முகர்ந்து பாருங்கள்.

தீக்குச்சி உரசிக் கசிவைத் தேடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சிறிய கசிவில் ஒரு நீலச் சுடர் தெரிந்து அணைந்திருக்கலாம்; அந்தத் துணிச்சலே அடுத்த முறை ஆளைக் கொல்லும். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து மேடைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். உயரத்தில் இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பது அதனால்தான் போதாது. தரைவரை திறக்கும் கதவும் திறந்திருக்க வேண்டும். புகைபோக்கி மின்விசிறியைப் போடலாமே என்று கை போகும், போடக் கூடாது. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு பொறி போதும். போன் பேசுவதையும் வெளியே போய்ப் பேசுங்கள்.

வாடை பலமாக இல்லாமல், அறையும் நன்றாகக் காற்றாடிய பிறகு கசிவைத் தேட ஒரே வழி சோப்பு நீர். பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, அடுப்புத் திருகுகளை எல்லாம் மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, தூரிகையால் பூச வேண்டும். இங்கே நடக்கும் தவறு அவசரம். பூசிய உடனே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். மெல்லிய கசிவு அப்படிச் சட்டெனக் காட்டிக்கொடுக்காது. முதலில் கடுகளவு ஒரு நுரைக் குமிழி எழும், மெதுவாகப் பெருக்கும், உடையும், அதே இடத்தில் இன்னொன்று எழும். தூரிகையால் எழுந்த நுரை அங்கங்கே அடங்கிவிடும். கசிவின் குமிழி மட்டும் அதே புள்ளியில் திரும்பத் திரும்ப வரும். குழாயின் இரு முனைகள், அது வளையும் இடத்தின் அடிப்பக்கம், திருகின் தண்டு, அடுப்புக்கு அடியில் உள்ள குழாய் இணைப்பு ஆகிய எல்லா இடத்திலும் பாருங்கள். முதல் கசிவைக் கண்டதும் தேடலை நிறுத்திவிட வேண்டாம். பழைய அடுப்பில் இரண்டு இடம் கசிவது சாதாரணம்.

கண்டுபிடித்த பிறகுதான் பெரிய தவறுகள் தொடங்குகின்றன. கசிவை அடைக்க வேண்டும் என்ற எண்ணமே அவற்றின் வேர். ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தால் அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி செருகுவது, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுவது, கம்பி போட்டு முறுக்குவது, எம்-சீல் பூசுவது, எல்லாம் நம் வீடுகளில் நடக்கிறது. நுனியில் வெடிப்பு வந்துவிட்டால் குழாய் முழுவதுமே முதுமை அடைந்துவிட்டது. நுனியில் சூடும் இழுவையும் அதிகம் என்பதால் அங்கே முதலில் தெரிகிறது, அவ்வளவுதான். கம்பி ரப்பரை அறுக்கும். பசை, குழாய் அசையும்போது விட்டுப்போகும். குழாயை மாற்றுவது ஒன்றே வழி. உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்த சுரக்ஷா குழாயை வாங்குங்கள். எலி கடித்தாலும் எளிதில் துண்டாகாது. அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் காலம் முடிந்தால் மாற்றத்தான் வேண்டும். புதுக் குழாய் இறுக்கமாக இருக்கிறதென்று நுனியை நெருப்பில் வாட்டுகிறவர்கள், புதுப் பொருளை அன்றே பழையதாக்குகிறார்கள். அழுக்காகாமல் இருக்கத் துணி உறை தைத்துப் போடவும் வேண்டாம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

திருகு இறுகிப்போனால் தேங்காய் எண்ணெய் விடுவது இன்னொரு பழக்கம். திருகுக்குக் கீழே பித்தளைக் குழிக்குள் கூம்பு வடிவில் ஒரு பித்தளை அடைப்பான் சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கிரீஸ்தான் எரிவாயுவைத் தடுத்து நிறுத்துகிறது. எண்ணெய் அந்தக் கிரீஸைக் கரைக்கும். இரண்டு நாள் திருகு வழுவழுப்பாகச் சுழலும், கசிவும் அப்போதே ஆரம்பிக்கும். இடுக்கியால் திருகுவதும் பித்தளையைக் கீறிவிடும். இது அடுப்பு மெக்கானிக்கின் வேலை. வெப்பம் தாங்கும் கிரீஸ் வைத்து அவர் சரிசெய்வார். கூம்பு தேய்ந்திருந்தால் முழு வால்வையும் மாற்றச் சொல்வார். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ரெகுலேட்டர் பக்கமும் சிலிண்டர் வாயும் மெக்கானிக்குக்கும் உரியவை அல்ல, ஏஜென்சிக்கே உரியவை. ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார்தான். சிலிண்டருக்குள் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பிச் சரிசெய்யப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அங்கே கசிந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, நைலான் கயிற்றில் தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின்மேல் அழுத்தி மாட்டுங்கள். புதுச் சிலிண்டர் வந்ததும் அந்த மூடியை இடைஞ்சல் என்று அறுத்துப் போடுகிற வீடுகள் ஏராளம். ஆபத்து நேரத்தில் கைக்கு வேண்டியது அதுதான். மூடியபின் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். சமையல் எரிவாயுக் கசிவுக்காகவே இருக்கும் அவசர எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும்.

பால் பொங்கி வழிந்து தீ அணைந்து, திருகு திறந்தே கிடப்பதையும் கசிவென்று நினைத்து அடுப்பைக் குலைத்துப் போடுகிறவர்கள் உண்டு. முதலில் திருகுகளைப் பாருங்கள்.

மெக்கானிக் வேலையை முடித்துப் பையைக் கட்டும் முன், அவர் எதிரிலேயே எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் பூசிப் பாருங்கள். அவர் தொட்ட இடத்தில் மட்டுமல்ல, தொடாத இடத்திலும். ஒரு குமிழி எழுந்தாலும் மறுபடி கழற்றச் சொல்லத் தயங்க வேண்டாம்.