அமெரிக்காவில் பல் மருத்துவம்: போஸ்ட்பேக் யாருக்குத் தேவை, எப்படித் தொடங்குவது?

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகப் பொதுவாக முதலில் நான்காண்டு இளங்கலை முடிக்க வேண்டும், டிஏடி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் நான்காண்டு டிடிஎஸ் அல்லது டிஎம்டி என்ற பல் மருத்துவப் பட்டம். இளங்கலையில் அறிவியல் மதிப்பெண் சறுக்கியவர்களும், வரலாறோ கணினியோ படித்துவிட்டுப் பிறகு பல் மருத்துவம் பக்கம் திரும்பியவர்களும் பட்டத்துக்குப் பின் எடுத்துப் படிக்கிற கூடுதல் பாடங்களைத்தான் போஸ்ட்பேக் என்கிறார்கள்.

ஊரில் பிடிஎஸ் முடித்துவிட்டு அங்கே போனவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வழி உங்களுக்கானது அல்ல. நீங்கள் ஐஎன்பிடிஇ என்ற பல் மருத்துவத் தகுதித் தேர்வு எழுதி, கேப்பிட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக, வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெரியாமல் போஸ்ட்பேக்கில் பணம் கட்டிவிடாதீர்கள்.

படி 1: எங்கே குறை என்று பாருங்கள்

டிஏடி மதிப்பெண் மட்டும் குறைவா? தேர்வை மறுபடி எழுதுங்கள், போதும். பல் மருத்துவர் ஒருவருடன் இருந்து வேலையைப் பார்த்த அனுபவம் இல்லையா? அதற்கு ஒரு கிளினிக் போதும், கல்லூரி வேண்டாம். போஸ்ட்பேக் சரிசெய்வது இரண்டு குறைகளைத்தான்: அறிவியல் ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) குறைவு, அல்லது முன்தகுதிப் பாடங்கள் இல்லாமை. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் லேபுடன் கேட்கும். உயிர்வேதியியலும் இப்போது பல இடங்களில் கட்டாயம்.

படி 2: காகிதமும் பேனாவும் எடுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போவது ஆட்சாஸ் என்ற பொதுச் சேவை வழியாக. (டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கு டிஎம்டிசாஸ்.) உங்கள் கல்லூரி ஒரு பாடத்தின் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை வைத்திருக்கலாம். ஆட்சாஸ் அப்படிச் செய்யாது, இரண்டையும் சேர்த்தே கணக்கிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 கிரெடிட் (பாட அலகு), ஜிபிஏ 2.9. அதன்மேல் 30 கிரெடிட் போஸ்ட்பேக் எடுத்து எல்லாவற்றிலும் ஏ (4 புள்ளி) வாங்குகிறீர்கள். 120 × 2.9 = 348; 30 × 4 = 120; கூட்டினால் 468. அதை 150ஆல் வகுத்தால் 3.12. ஓராண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று மனம் சோரும். ஆனால் அறிவியலை மட்டும் தனியாகப் பாருங்கள். 50 கிரெடிட்டில் 2.7 இருந்தால், அதே 30 கிரெடிட் அதை 3.19க்கு ஏற்றிவிடும். போஸ்ட்பேக் ஜிபிஏவையும் ஆட்சாஸ் தனி வரியாகவே காட்டும். அந்த வரியில் 4.0 நிற்கும். பழைய எண்ணை அழிக்க முடியாது. இன்றைக்கு நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதைக் காட்ட முடியும். போஸ்ட்பேக்கின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது.

படி 3: எந்த வகை?

முன்தகுதிப் பாடங்களே இல்லாதவர்கள் ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன், யூசி பெர்க்லி எக்ஸ்டென்ஷன் போன்ற இடங்களில் அவற்றை வரிசையாக எடுக்கலாம். பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் தாங்களே பாடங்களைத் தேர்ந்து படிப்பவர்களும் நிறைய. செலவு குறைவு என்பதால் என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். வழிகாட்ட ஆள் இருக்காது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

பாடங்களை முடித்தும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மைக்ரோபயாலஜி, உடற்செயலியல், உடற்கூறியல் போன்ற மேல்நிலைப் பாடங்கள். சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுப்பதைவிட இவற்றில் ஏ வாங்குவது பெரும்பாலும் வலுவானது. முன்தகுதிப் பாடத்தில் டி வாங்கியிருந்தால் மட்டும் திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வகை ஓராண்டு முதுகலை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஓரல் ஹெல்த் சயின்சஸ் ஓர் உதாரணம். இங்கே கவனம் தேவை. முதுகலை மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவை உயர்த்தாது, தனியாகவே நிற்கும். பாடங்களும் கடினம். அங்கே 3.2 வாங்கினால் இருந்த வாய்ப்பும் குறையும். இளங்கலைப் பாடங்களிலேயே இன்னும் தடுமாறுகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: பணம்

பட்டம் தராத முன்தகுதிப் பாடங்களுக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் தொடர்ச்சியான 12 மாதங்களுக்குத்தான் கிடைக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 2026 ஜூலை முதல் புதிதாகத் தொழிற்படிப்புக்குக் கடன் வாங்குவோருக்கு அரசுக் கடனின் உச்சவரம்பு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். பல தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் நான்காண்டுச் செலவு இதைத் தாண்டிவிடும். எனவே போஸ்ட்பேக்கிலேயே கையிருப்பைக் கரைத்துவிடாதீர்கள்.

படி 5: படிக்கும்போது

வேலைக்குப் போய்க்கொண்டு செமஸ்டருக்கு ஒரே பாடம் என்று எடுத்தால் ஏ வரும். ஆனால் பல் மருத்துவக் கல்லூரியின் சுமையைத் தாங்குவீர்களா என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஒரு செமஸ்டராவது மூன்று, நான்கு அறிவியல் பாடங்களைச் சேர்த்து எடுங்கள். பேராசிரியரின் ஆபீஸ் நேரத்துக்குத் தவறாமல் போங்கள். பரிந்துரைக் கடிதம் எழுத உங்களை முகமறிந்த அறிவியல் ஆசிரியர் இரண்டு பேராவது வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் அது தானாக நடக்காது.

படி 6: விண்ணப்பம்

ஆட்சாஸ் ஆண்டுதோறும் மே மாதம் திறக்கும். சேர்க்கை அதற்கடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில். கல்லூரிகள் வருகிற வரிசையிலேயே விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்குவதால், ஜூனில் அனுப்புவதற்கும் அக்டோபரில் அனுப்புவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும், கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்த கம்யூனிட்டி காலேஜ் உட்பட, டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு சரிபார்ப்புக்குச் சில வாரங்கள் பிடிக்கும். வசந்த செமஸ்டர் மதிப்பெண் ஏறியதும் அன்றைக்கே டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு எழுதிப் போடுங்கள்.