சின்ன பேசேஜ் எல்லாம் சுலபமான பேசேஜ் இல்லை

ஆங்கில வகுப்பு எடுக்க ஆரம்பித்த முதல் வருடம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறுகதையை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். இரண்டே பக்கம்தான். அரை மணி நேரம் கழித்துச் சுற்றி வந்து பார்த்தால், முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி நாற்பது சொற்களுக்குமேல் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் தமிழ் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். வரிகளுக்கு நடுவில் இடமே இல்லை. அத்தனையும் எழுதி முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்: “மேடம், கடைசியில அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா, இல்லையா?”

சொற்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டன. கதைதான் போய்ச் சேரவில்லை. உழைப்பில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தப்பு நான் பேசேஜைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது. அதன்பிறகு பன்னிரண்டு வருடமாக மாலை வகுப்பில் பெரியவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பேசேஜை எடுக்கும் முன் என்னென்ன பார்க்கிறேன் என்று புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், சின்னது என்றால் சுலபம் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். நீளமான புத்தகத்தில் முதல் பத்து பக்கம்தான் கஷ்டம். அதற்குள் ஆட்கள் பழகிவிடுவார்கள், இடம் பழகிவிடும், எழுதியவருக்குப் பிடித்த சொற்கள் திரும்பத் திரும்ப வந்து தானாகவே மனதில் ஒட்டிக்கொள்ளும். இருநூறு சொல் பேசேஜில் அந்த வசதி கிடையாது. புதுச் சொல் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். பழகும் நேரத்தில் பேசேஜே முடிந்துவிடும். நாளிதழில் வரும் துணுக்குச் செய்தியும், நாலு வரிக் கவிதையும், சிரிப்புத் துணுக்கும் மாணவர்களைத் திணறவைப்பது இதனால்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் இறுக்கி அடைத்து எழுதியிருப்பார்கள்.

சரி, தேர்ந்தெடுக்க உட்காரும்போது செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணுவது. பேசேஜின் ஆரம்பத்திலிருந்து நூறு சொல் எண்ணி ஒரு கோடு போடுங்கள். வகுப்பில் நன்றாகப் படிப்பவரையும் பின்தங்கியவரையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறில் அவருக்குத் தெரியாத சொல் எத்தனை? ஆள் பெயர், ஊர்ப் பெயர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு வரை இருந்தால் தனியாகவே படித்துவிடுவார். ஐந்து வரை என்றால் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் எவ்வளவு அழகான எழுத்தாக இருந்தாலும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மொழி ஆய்வாளர் பாடியா லாஃபர் 1989-ல் சொன்னது, ஒரு பேசேஜ் புரிய அதில் 95 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதாவது நூற்றில் ஐந்து சொல் தெரியாமல் இருக்கலாம். ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கதையை யார் உதவியும் இல்லாமல் ரசித்துப் படிக்க 98 சதவீதம் வேண்டியிருந்தது. அதே ஆய்வில் 80 சதவீதச் சொற்கள் தெரிந்த நிலையில் படித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் போதிய அளவு புரியவில்லை. நூற்றுக்கு எண்பது நமக்கு நல்ல மார்க் மாதிரி தோன்றும். படிப்பவருக்கோ அது ஐந்து சொல்லுக்கு ஒரு பள்ளம் உள்ள ரோடு. அதில் வண்டி ஓடாது. என் மாணவியின் பென்சில் கோடுகள் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் இருந்தன.

எண்ணும்போது ஒரு ஜாக்கிரதை. சின்னச் சொல்லைத் தெரிந்த சொல் என்று கணக்கில் போட்டுவிடாதீர்கள். ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’ தெரியும். ‘புட் அப் வித்’ என்று மூன்றும் சேர்ந்து வந்தால் பொறுத்துக்கொள்வது என்று யாருக்குத் தோன்றும்? அதையே ‘டாலரேட்’ என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தால் டிக்‌ஷனரியைத் திறந்ததும் கிடைத்துவிடும். சார்ல்ஸ் ஆக்டன் 1930-ல் 850 சொற்களை மட்டும் வைத்து ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று ஒன்றை உருவாக்கினார். அதில் வினைச்சொல் 18 மட்டுமே. மற்ற வினைகளை எல்லாம் கிவ், கெட், புட், டேக் மாதிரியான சொற்களோடு அப், அவே, இன் என்று எதையாவது சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியல் சின்னதாகிவிட்டது. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டிய கூட்டுகள் பெருகிவிட்டன. அதனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டையும் நான் ஒரு புதுச் சொல்லாகவே எண்ணுகிறேன்.

அடுத்தது வாக்கியம். இங்கே தமிழ் பேசுகிறவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் ‘நேற்று ஃபேன் ரிப்பேர் பண்ண வந்த ஆள்’ என்போம். விவரம் எல்லாம் முன்னால் வரும், ஆள் கடைசியில் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து நின்றுவிடுவார், விவரம் பின்னால் வால் மாதிரி நீளும். ஒருமுறை இந்த வாக்கியத்தைக் கொடுத்தேன்: ‘தி மேன் ஹூ கேம் டு ரிப்பேர் தி ஃபேன் லெஃப்ட் ஹிஸ் பேக் ஹியர்.’ ஃபேனைச் சரிசெய்ய வந்தவர் பையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒருவர் ‘ஃபேன் இடது பக்கம் இருக்கிறது’ என்றார். இன்னொருவர் ‘ஃபேன் பையை விட்டுவிட்டுப் போனது’ என்று சொல்லிவிட்டு, அது எப்படி என்று அவரே குழம்பினார். ‘லெஃப்ட்’ வந்து சேரும்போது, அந்த வினை எவ்வளவோ தூரம் பின்னால் நிற்கும் ‘மேன்’ உடையது என்பது கண்ணுக்குப் படவில்லை.

அதனால் பேசேஜைக் கையில் எடுத்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் மேல் ஒரு விரலும் வினைமுற்று மேல் ஒரு விரலும் வைத்துப் பாருங்கள். நடுவில் ஆறேழு சொல்லுக்கு மேல் இருந்தால் அது கஷ்டமான வாக்கியம். ஒரு பேசேஜில் அப்படி ஒன்றிரண்டு இருக்கலாம், இருந்தால்தான் பழக்கமும் வரும். வரிக்கு வரி இருந்தால் வேண்டாம்.

கஷ்டமான வாக்கியத்தை நாமே உடைத்து எழுதிவிடலாமே என்று தோன்றும். நானும் நிறைய உடைத்திருக்கிறேன். அதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. நீளத்தைக் குறைக்கும் வேகத்தில் ‘பிகாஸ்’, ‘ஸோ’, ‘ஆல்தோ’ எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். ‘மழை பெய்ததால் அவர் வரவில்லை’ என்பதை ‘மழை பெய்தது. அவர் வரவில்லை’ என்று ஆக்கினால் இரண்டு வாக்கியமும் சின்னதுதான். ஆனால் அவர் ஏன் வரவில்லை என்பதை இப்போது படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். தாய்மொழியில் அந்த ஊகம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். புது மொழியில் நடக்காது. எழுத்தின் கடினத்தை அளந்து மார்க் கொடுக்கும் கணினிக் கருவிகளை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். பலவற்றின் அடியில் 1948-ல் ருடால்ஃப் ஃப்ளெஷ் வகுத்த சூத்திரமோ அதைப் போன்ற ஒன்றோ இருக்கும். அந்தச் சூத்திரம் வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் அசைகளையும் மட்டுமே எண்ணுகிறது. ‘பிகாஸ்’ஐ வெட்டினால் மார்க் ஏறும், படிப்பவர் தடுமாறுவார்.

அப்புறம், பேசேஜில் எழுதாமல் விட்ட விஷயம். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றி அருமையான பேசேஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. நூற்று எண்பது சொல், எல்லாம் எளிய சொல். இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் எழுந்து படியேறிப் போய்க் கடிகாரப் பொறிக்குச் சாவி கொடுப்பார். முதல்முறை கொடுத்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. விளக்கில் கடிகாரம் எதற்கு? சாவி கொடுக்கிற ‘வைண்ட்’டுக்கும் காற்றான ‘விண்ட்’டுக்கும் எழுத்து ஒன்றே என்பதால், பாதிப் பேர் அவர் மேலே போய்க் காற்றை ஏதோ செய்கிறார் என்று நினைத்திருந்தார்கள். கடல் கதை, காற்றுதானே வரும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது. மின்சாரம் வருவதற்கு முன் விளக்கின் கண்ணாடியைச் சுழற்ற எடைகள் தொங்கும் கடிகாரப் பொறிதான் இருந்தது, எடை இறங்கி முடிந்தால் சுழற்சி நின்றுவிடும், அதனால் தூங்க முடியாது என்று இரண்டே வரி தமிழில் சொல்லியிருந்தால் போதும். இப்போது அந்த வரிகளைத் தாளின் மேலேயே தமிழில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். தாய்மொழியில் முன்னுரை கொடுப்பது குற்றம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு வரித் தமிழ் நூற்று எண்பது சொல் ஆங்கிலத்தைத் திறந்துவிடுமென்றால் அது லாபம்தான்.

பெயர்களையும் பாருங்கள். லெஸ்லி ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் அடுத்த வரியில் வரும் ‘ஷி’ யார் என்று தெரியாது. ஒருவர் லெஸ்லியை ஊர் என்றே நினைத்துக் கடைசிவரை படித்தார். தமிழில் ‘வந்தான், வந்தாள்’ என்று வினையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆங்கிலத்தில் அந்த உதவி இல்லை. ஒரே பேசேஜில் இரண்டு ஆண்கள் ‘ஹி’, ‘ஹி’ என்று வந்தால் நான் ஒருவரின் பெயரை இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்துவிடுவேன்.

விஷயம் படிப்பவரின் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். முப்பது வருடம் கணக்கு எழுதிய ஒருவர் என் வகுப்பில் இருந்தார். சொற்கள் எளிதாக இருக்கின்றனவே என்று பேசும் முயல் கதை ஒன்றைக் கொடுத்தேன். படித்து முடித்தார். ஒன்றும் சொல்லாமல் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்ற நாட்களில் தாளை மேசையில் விரித்து வைத்து என்னிடம் சந்தேகம் கேட்கிறவர். அவருக்கு ஆங்கிலம்தான் புதிது, வாழ்க்கை புதிதில்லை. அடுத்த வாரம், வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒருவர் தன் இடத்துக்கு வரும் இளைஞனுக்கு எழுதும் கடிதம் ஒன்றை நானே எழுதிக் கொண்டுபோனேன். முயல் கதையைவிடச் சொற்கள் கொஞ்சம் கடினம். ஆனால் ஒன்றரை மணி நேர வகுப்பு முழுக்க அவர்தான் பேசினார். கடிதம், அறிவிப்பு, புகார், மருந்துச் சீட்டில் இருக்கும் குறிப்பு, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதும் துண்டுச் சீட்டு என்று எளிய சொல்லில் பெரியவர் விஷயம் பேசும் எழுத்து நிறைய இருக்கிறது.

எங்கே தேடுவது? சொல் அளவைக் கட்டுப்படுத்தி எழுதிய படிநிலை வாசிப்பு நூல்கள் நல்ல தொடக்கம். 1920-களில் டாக்காவில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் அரிய சொற்களை நீக்கி, புதுச் சொற்களை இடைவெளி விட்டு அறிமுகப்படுத்தி எழுதிய வாசிப்புப் புத்தகங்கள் இந்த வகைக்கு முன்னோடி. அவர் 1953-ல் வெளியிட்ட சுமார் 2000 சொற்களின் பட்டியலை இன்றும் எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய மெதுவான ஆங்கில ஒலிபரப்புக்குச் சுமார் 1500 சொற்களை வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். அந்த வகைச் செய்திகளும் உதவும். குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பதிப்புரிமை முடிந்த நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் நூறு வருடம் பழைய ஆங்கிலம். இலவசம் என்பதற்காக அப்படியே கொடுக்க வேண்டாம்.

கிடைத்ததை ஒன்று ஒன்றாகக் கொடுக்காமல், ஒரே விஷயத்தில் மூன்று நான்காகச் சேர்த்துக் கொடுங்கள். மொழியியலாளர் ஸ்டீபன் க்ராஷன் 1981-லேயே குறுகிய வாசிப்பு என்று இதற்காக வாதாடினார். தேனீ பற்றி ஒரு பேசேஜ், அடுத்த வகுப்பில் தேன் எடுப்பவர் பற்றி ஒன்று, அதற்கடுத்து தேனீக்கள் குறைவது பற்றி ஒரு செய்தி. முதல் தாளில் திணறவைத்த ‘ஹைவ்’ (தேன்கூடு) மூன்றாவது தாளில் அறிமுகமான ஆள் மாதிரி வந்து நிற்கும். சின்ன பேசேஜில் சொல் திரும்ப வராது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தக் குறையை அடைக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

கடைசியாக ஒரு சோதனை. வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் ஒரே ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள். தடங்கலே இல்லாமல் வாசித்துவிட்டு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனதுக்குள் படிக்கட்டும். எந்த இடத்தில் கண் பின்னால் போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் அவர் பேசும் திறமை தெரியும், புரிந்ததா என்பது தெரியாது. நடுவில் அவரே ‘ஆனா எனக்கு ஒண்ணு தோணுது மேடம்’ என்று ஆரம்பித்தால் அந்தத் தாளை முப்பது பிரதி எடுக்கலாம்.

வகுப்பு முடிந்ததும் தாளின் மூலையில் தேதி, எந்த வரியில் நின்றார்கள், எந்தச் சொல்லை அதிகம் கேட்டார்கள் என்று மூன்று குறிப்பு எழுதி ஃபைலில் போடுகிறேன். அடுத்த வருடம் அதே தாளை எடுக்கும்போது எதைத் திருத்த வேண்டும் என்பது அந்த மூலையிலேயே இருக்கும்.