பயோசென்சர் ஆய்வுக்கு நிதி கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ரத்தம் போன்றவற்றில் இருக்கும் ஒரு பொருளை, நொதி போன்ற உயிரிப்பொருளின் உதவியால் அளக்கும் கருவிதான் பயோசென்சர். அப்படிப்பட்ட திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதுபவர்களில் பலர், தாங்கள் உருவாக்கிய பொருளைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கிராஃபீன், தங்க நானோ துகள், புதுப் பாலிமர் என்று நீளும். அந்தக் கருவி யாருடைய ரத்தத்தில், எதை, எங்கே வைத்து அளக்கப்போகிறது என்பது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியோடு முடிந்துவிடும். நல்ல ஆய்வுகள்கூட நிதி வழங்கும் குழுவின் மேசையைத் தாண்டாததற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

மிகக் குறைந்த அளவையும் கண்டறிவோம் என்ற பெருமிதம் இதோடு ஒட்டியே வரும். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 70 முதல் 100 மில்லிகிராம். அதைவிட லட்சக்கணக்கான மடங்கு குறைந்த சர்க்கரையையும் காட்டும் என்றால் விரல் நுனி ரத்தப் பரிசோதனைக்கு என்ன லாபம்? 55-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை ரத்தத் துளியை வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் தவறாமல் சொல்கிறதா என்பதே கேள்வி. சர்க்கரை மீட்டர்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15197-இன் 2013 பதிப்பு இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது: 100 சோதனைகளில் 95, ஆய்வகக் கணக்கிலிருந்து 15 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; சர்க்கரை 100-ஐ எட்டினால் 15 சதவீதத்துக்குள். இப்படி ஒரு இலக்கை விண்ணப்பத்தில் வைத்தால், படிப்பவருக்கு உங்கள் கருவியை எடைபோட ஒரு அளவுகோல் கிடைக்கும்.

அடுத்தது பஃபர் கரைசல், அதாவது அமிலத்தன்மை எளிதில் மாறாத ஆய்வகக் கரைசல். சுத்தமான கரைசலில் குளுக்கோஸைக் கலந்து அளந்தால் வரைபடம் அழகான நேர்கோடாக வரும். ஒரு துளி ரத்தம் வைத்தால் கதை மாறும். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதி சர்க்கரையோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அதை அளக்க மின்முனைக்குச் சுமார் 0.6 வோல்ட் கொடுத்தால், ரத்தத்திலிருக்கும் வைட்டமின் சி, யூரிக் அமிலம், காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமால் எல்லாமே எலக்ட்ரானை விடும். மீட்டருக்கு அவை எல்லாம் சர்க்கரைதான். சிவப்பணுக்களின் விகிதம் குறைந்த ரத்தத்தில் பல ஸ்ட்ரிப்புகள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிற நாட்டில் இது ஓரமாக வைக்கிற விஷயமில்லை. ஒரு கர்ப்பிணியின் மருந்தளவே அந்த எண்ணை நம்பி மாறலாம். ஆகவே சில மாதிரிகளானாலும் முழு ரத்தத்தில் சோதித்துப் பார்த்து, குறுக்கிடும் பொருள்களின் பட்டியலோடு அந்த முடிவை இணையுங்கள். முடிவு சுமாராக இருந்தாலும் இணையுங்கள். மறைப்பதைவிட அது நல்லது.

ரத்த மாதிரி எங்கிருந்து வரும் என்பதையும் எழுத வேண்டும். "ஒரு மருத்துவரிடம் பேசியிருக்கிறோம்" என்பது போதாது. அவருடைய ஒப்புதல் கடிதம், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு ஆகும் மாதங்கள் இரண்டும் கால அட்டவணையில் தெரிய வேண்டும்.

கதவு மாறித் தட்டுவதும் உண்டு. 2023 சட்டத்தால் உருவாகி, அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான செர்பை உள்வாங்கிக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு அடிப்படை அறிவியல் கேள்வியோடு போகலாம். 2012-ல் தொடங்கிய, உயிரித் தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக், பொருளாக மாறக்கூடியதைத் தேடுகிறது. தொடக்க நிலை யோசனைகளுக்கான அதன் பிக் மானியம் 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம் வரை. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பினால் இரண்டு இடத்திலும் அரைகுறையாகவே தெரியும். பைராக் பக்கம் போகிறவர்கள், 2017 மருத்துவக் கருவி விதிகளில் தங்கள் கருவி எந்த வகுப்பில் வரும் என்பதையும் பார்த்துவைக்க வேண்டும். ஏ, பி வகுப்புக் கருவிகளைத் தயாரிக்க மாநில அரசின் உரிமம், சி, டி என்றால் மத்திய அரசின் உரிமம். செலவும் காலமும் அதற்கேற்ப மாறும்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டுவிடும் மாணவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. வெளியிட்ட பிறகு விண்ணப்பிக்க இந்தியச் சட்டம் 12 மாத அவகாசத்தை மிகச் சில சூழல்களுக்கு மட்டுமே தருகிறது. நோயைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவின்படி காப்புரிமையே கிடையாது, கருவிக்குக் கேட்கலாம். தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கட்டுரையை அனுப்புங்கள்.

பட்ஜெட்டில் பெரிய கருவிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, இறக்குமதியாகும் ஆன்டிபாடி, நொதி, அச்சிட்ட மின்முனை ஆகியவற்றைக் குறைத்துப் போடுவது வழக்கமான பிழை. மானியப் பணத்துக்கு வங்கியில் சேரும் வட்டி அரசுக்குத் திரும்ப வேண்டியது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, ஸ்ட்ரிப்பின் ஆயுள். ஓராண்டு கெடாது என்று எழுதிவிட்டு, 18 மாதத் திட்டத்தின் கடைசி மூன்று மாதத்தில் அதை நிரூபிக்க முடியாது. முதல் தொகுதி ஸ்ட்ரிப்புகளில் ஒரு பகுதியை முதல் காலாண்டிலேயே 30 டிகிரியிலும் 40 டிகிரியிலும் எடுத்துவைத்து, மாதாமாதம் சிலவற்றைப் பிரித்துச் சோதிப்பதாகத் திட்டத்தில் எழுதுங்கள். அதற்கான ஸ்ட்ரிப்புகளின் எண்ணிக்கையையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.