விண்வெளி விளையாட்டுக்கு ஒரு பனிநிலவு செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கேம் செய்யப் பழகும் பிள்ளைகளின் பனி உலகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன: ஓர் உருண்டை, அதன்மேல் வெள்ளை டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்), எங்கும் ஒரே அளவாய்த் தூவிய பள்ளங்கள். கை நன்றாகத்தான் வரைந்திருக்கும், நிலவுக்குத்தான் வரலாறு இருக்காது. அந்த வரலாற்றை முதலில் முடிவுசெய்தால் மிச்சமெல்லாம் அதைப் பின்தொடர்ந்து வரும். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டரும் விளையாட்டை உருவாக்கும் கோடோவும் போதும், இந்த இரண்டு மென்பொருள்களும் இலவசம். கூடவே ஒரு தாளும் கல்குலேட்டரும் எடுத்து வையுங்கள்.

படி 1: இரண்டு எண்கள்

பிளெண்டரைத் திறக்க முதல் ஆரையையும் அடர்த்தியையும் தாளில் எழுதுங்கள். நாங்கள் செய்யப்போகும் நிலவின் பெயர் நெய்தல். ஆரை 600 கி.மீ., அடர்த்தி நீரைப்போல் 1.6 மடங்கு. சனியின் நிலவான எங்கெலாடஸின் அடர்த்தியும் ஏறத்தாழ இவ்வளவுதான். கனவளவில் மூன்றில் ஒரு பங்கு பாறை, மீதி பனி என்று வைத்துக்கொள்ளலாம். விட்டம் 1200 கி.மீ. என்றால், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு.

ஈர்ப்பைக் கணிக்கப் பெரிய சூத்திரம் வேண்டாம். பூமியின் ஆரை 6371 கி.மீ., அடர்த்தி 5.5. ஆகவே:

9.8 × (600 ÷ 6371) × (1.6 ÷ 5.5) = 0.27

கோடோவின் புரொஜெக்ட் செட்டிங்ஸில் 9.8 என்று இருக்கும் இடத்தில் இதைப் போடுங்கள். பூமியில் அரை மீற்றர் துள்ளுகிற ஒருவர் அதே வேகத்தில் எழும்பினால் இங்கே 18 மீற்றர் உயரம் போய், 23 செக்கன் கழித்துத்தான் தரையைத் தொடுவார். விண்வெளி உடையின் பாரம் இதைக் குறைக்கும். ஆனாலும் மூன்று மீற்றர் மதிலை வைத்து விளையாடுபவரை மறிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடிவானமும் கிட்ட வந்துவிடும். காங்கேசன்துறைக் கரையில் நின்றால் கடல்விளிம்பு நாலரைக் கிலோமீற்றருக்கு அப்பால். நெய்தலின் சமவெளியில் அது ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர்தான். கணினி வரைந்து காட்ட வேண்டிய நிலம் குறைவதால், பழைய கணினியில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய உதவி.

படி 2: சூடு எங்கிருந்து வருகிறது?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சூரியனுக்கு இவ்வளவு தூரத்தில் ஒரு நிலவு ஏன் உறைந்து செத்துப்போகாமல் இருக்கிறது? வியாழனின் நிலவுகளைப் பாருங்கள். அயோ நான்கு முறை சுற்றும் நேரத்தில் யூரோப்பா இரண்டு முறையும் கனிமீட் ஒரு முறையும் சுற்றுகின்றன. இந்த ஒழுங்கான இழுப்பால் யூரோப்பாவின் பாதை முழு வட்டமாக முடிவதில்லை. கோளுக்குக் கிட்டப் போகும்போது நிலவு கூடுதலாக இழுபடும், விலகும்போது தளரும். இப்படி இழுபட்டுத் தளரும்போது உள்ளே உராய்வு உண்டாகிறது, அந்த உராய்வே சூடு. எங்கெலாடஸுக்கு இந்த வேலையைச் செய்வது டயோனி என்ற இன்னொரு நிலவு.

இப்படி இழுக்கும் துணை இல்லாத நிலவு, வியாழனின் இன்னொரு நிலவான கலிஸ்டோ மாதிரி ஆகும்: மேற்பரப்பெல்லாம் பழைய பள்ளங்கள், வேறொன்றும் பெரிதாக நடக்காது. உங்கள் கதைக்கு அதுதான் வேண்டுமென்றால் அதையே செய்யுங்கள், அதுவும் அழகுதான்.

நெய்தலைச் சனியளவு கோளொன்றை 36 மணித்தியாலத்தில் சுற்ற விடுவோம். 72 மணித்தியாலத்தில் சுற்றும் இன்னொரு நிலவை வெளியே வையுங்கள். சூடு தென்முனையில் குவிகிறது என்று முடிவெடுப்போம்.

படி 3: வயதுப்படி வரைதல்

இப்போது பிளெண்டர். வட அரைக்கோளம் பழசு, அங்கே விண்கற்கள் விழுந்த பள்ளங்களை நெருக்கமாகப் போடுங்கள். தெற்கே போகப்போக அவை குறைந்து, முனையில் ஒன்றுமே இருக்கக்கூடாது, ஏனென்றால் அங்கே நிலம் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. முனையில் பிளவுகளை வரையுங்கள். எங்கெலாடஸில் நான்கு பெரிய பிளவுகள் உண்டு. ஒவ்வொன்றும் 130 கி.மீ. அளவு நீளம், இடைவெளி 35 கி.மீ. அளவு.

கணினி தானே ஒழுங்கின்றி உருவாக்கும் நொய்ஸ் டெக்ஸ்சரைத் தூவிப் பிளவு செய்ய வேண்டாம், கையால் கோடு இழுங்கள். பழைய பிளவை முதலில், புதியதை அதன்மேல். புதியது பழையதை வெட்டிக்கொண்டு போக வேண்டும். யூரோப்பாவின் படங்களில் ஆராய்ச்சியாளர்கள் எது முந்தியது எது பிந்தியது என்று கண்டுபிடிப்பதும் இந்த வெட்டுகளைப் பார்த்துத்தான்.

படி 4: பனியின் நிறம்

பாசையூரில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். முழுக் கட்டியின் ஓரம் கண்ணாடிபோலத் தெளிவு, நடுவில் காற்றுக்குமிழ் சேர்ந்து கலங்கிய வெள்ளை. நொறுக்கிக் கொட்டினால் எல்லாம் வெளேர் என்று ஆகிவிடும். நெய்தலிலும் அப்படியே: தூளாய்ப் படிந்த இடம் வெள்ளை, பிளவின் சுவர் இலேசான நீலம். பழைய நிலத்தில் கொஞ்சம் பழுப்பும் சாம்பலும் கலந்துவிடுங்கள்.

பாதம் வழுக்கும்படி உராய்வைக் குறைக்காதீர்கள். -200 பாகை செல்சியசில் பனி வழுக்காது, கல்லாக இறுகியிருக்கும்.

படி 5: வானம்

காற்று இல்லை, ஆகவே பகலிலும் வானம் கறுப்பு, நிழல் கூர்மை. சனியின் தூரத்தில் வெயில் பூமியில் உள்ளதன் தொண்ணூறில் ஒரு பங்குதான். ஆனால் அது பூரணை வெளிச்சத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம், காட்சியை இருட்டாக்க வேண்டாம்.

நெய்தல் ஒரே முகத்தைக் கோளுக்குக் காட்டுவதால் கோள் வானத்தில் ஓரிடத்திலேயே நிற்கும். அகலம் ஏறத்தாழ 27 பாகை, எங்கள் நிலவைவிட 50 மடங்கு. அதை அசைக்காதீர்கள். சூரியனையும் நட்சத்திரங்களையும் மட்டும் 36 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்ற விட்டால், கோளின் பிறை தானாக வளர்ந்து தேயும். மறுபக்கத்தில் தளம் அமைத்தால் கோளை ஒருபோதும் காண முடியாது.

படி 6: பீச்சல்

காசினி விண்கலம் 2005இல் எங்கெலாடஸின் தென்முனையில் பனித்துகள் பீச்சுவதைக் கண்டது. கோடோவில் பார்ட்டிகிளுக்கென்று (துகள்களுக்கென்று) தனி ஈர்ப்பு உண்டு, அங்கேயும் -9.8 இருக்கும், -0.27 ஆக்குங்கள். துகள்களைச் சுழலவைக்கும் டர்புலன்ஸையும் வேகத்தைக் குறைக்கும் டாம்பிங்கையும் நிறுத்துங்கள். காற்றில்லாத இடத்தில் புகைபோலச் சுருளாது, எறிந்த கல்லின் பாதையில் போய் விழும். நொடிக்கு 570 மீற்றரைத் தாண்டும் துகள் திரும்பி வராது. சத்தமும் வேண்டாம், வேண்டுமென்றால் காலடி நிலத்தின் அதிர்வாகக் கொடுங்கள்.

கடைசியாகப் பெயர்கள். எங்கெலாடஸின் பிளவுகளுக்குப் பாக்தாத், கெய்ரோ, டமாஸ்கஸ் என்று வைத்திருக்கிறார்கள். நெய்தலின் பிளவுகளுக்கு நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று வைக்கலாம். வரைபடத்தில் எழுதி, விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே போட்டுவிடுங்கள், கதை எழுதுபவரும் லெவல் வரைபவரும் ஒரே பெயரைப் பாவிப்பார்கள்.