பழைய லாரி எஞ்சின்: போர் வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் போடுவதா?

சிலிண்டரைக் குடைந்து பழைய எஞ்சினையே புதுப்பிக்கும் போர் வேலையா, வேறு எஞ்சினா என்று, எஞ்சினைப் பிரித்து அளந்து பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவதுதான் இதில் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

ஆயில் குறைகிறது, புகை வருகிறது என்றதும் எஞ்சின் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். கறுப்புப் புகை பெரும்பாலும் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போவதால் வருவது. இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் இவற்றைப் பார்த்தாலே சரியாகிவிடலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; ஆனால் அது ரிங் வழியாகத்தான் ஏற வேண்டும் என்றில்லை, டர்போ சீல் போனாலும் அதே புகைதான். லாரியில் ஆயில் போக இன்னொரு வழியும் உண்டு. பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்தால், எஞ்சின் ஆயில் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்குக்குப் போய்விடும். டேங்கின் அடி வால்வைத் திறந்தால் ஆயில் வடிகிறதா என்று உடனே தெரியும். இதைக்கூடப் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பிரீத்தர் குழாயில் (எஞ்சினின் அடிப்பகுதிக் காற்றை வெளியேற்றும் குழாய்) புகை வேகமாகத் தள்ளுகிறது, சிலிண்டர்களில் கம்ப்ரஷனும் (காற்றை அழுத்தும் திறன்) இல்லை என்று உறுதியான பிறகு இறக்கலாம்.

சரி, இறக்கியாயிற்று. இனி முடிவு பிளாக்கையும் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) கிராங்க் ஷாஃப்ட்டையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பொறுத்தது. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எல்லாம் கடையில் வாங்கிப் போடுகிற சாமான்கள். டாடா லாரிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில் தனி லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் கழற்றக்கூடிய குழாய்) கிடையாது, பிளாக்கையேதான் குடைய வேண்டும். அதற்கு 0.50 மி.மீ., 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் (அளவு கூடிய) பிஸ்டன்கள் வருகின்றன. ஏற்கெனவே 1.00 வரை குடைந்த பிளாக் என்றால் உள்ளே புதுக் குழாய் இறுக்கி ஸ்லீவ் அடிக்க வேண்டிவரும், கணக்கே மாறிவிடும். லைனரின் வெளிப்புறத்தைக் கூலன்ட் நேரடியாகத் தொடும் வெட் லைனர் எஞ்சினில் லைனரை மாற்றுவது சுலபம். ஆனால் கூலன்ட் கலக்காமல் வெறும் போர்வெல் தண்ணீரில் ஓட்டியிருந்தால், லைனரின் வெளிப்புறம் பொத்துப் போவதோடு, அது உட்காரும் பிளாக்கின் இடமும் அரித்திருக்கும். அந்த இடத்தைத் துடைத்துப் பார்க்காமல் புது லைனரை இறக்கினால் தண்ணீர் ஆயிலில் இறங்கும். கிராங்கை கிரைண்ட் செய்வதற்கு முன்பே விரிசல் சோதனை வேண்டும். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் தன் இடத்திலேயே சுற்றியிருந்தால் பிளாக்கில் அது உட்காரும் துளைகளின் அளவும் பார்க்க வேண்டும்.

பிளாக், கிராங்க் இந்த இரண்டும் தேறினால் வேலை பார்ப்பதே மேல் என்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்த எஞ்சின் அது. பிளாக்கில் விரிசல், கிராங்கும் இனி கிரைண்ட் செய்ய முடியாத கடைசி சைஸில் நிற்கிறது என்றால் பிடிவாதம் வேண்டாம், வேறு எஞ்சின் பாருங்கள்.

வேலை பார்ப்பதென்றால் அரைகுறையாகப் பார்க்கக் கூடாது. தேய்ந்து முட்டை வடிவாகிப்போன சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டால் அது ஒட்டி உட்காராது. கொஞ்ச நாளில் மறுபடியும் ஆயில் குடிக்கும், இறக்கி ஏற்றிய கூலியும் வீண்.

பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வாங்குகிறார்கள். சூடேற்றி வைத்த எஞ்சின் நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும், எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்குக் காகிதமும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி எஞ்சின் மாற்றியதை ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லி ஆர்சியில் பதிய வேண்டும். வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் அவர்களின் எழுத்துபூர்வ சம்மதமும் வாங்கிவிடுங்கள். 8 வயது தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) சோதனை உண்டு. நம்பர் பொருந்தாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். விபத்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் இதே சிக்கல் வரும்.

எந்த வழியில் போனாலும், பழைய எஞ்சின் ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. அடைத்த ரேடியேட்டரை அப்படியே மாட்டினால் புதிதாக ஏற்றிய எஞ்சினும் சூடாகும். பேரிங் நொறுங்கிய எஞ்சினின் உலோகத் தூள் ஆயில் கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழுவி முழுதாக எடுப்பது கடினம், கூலரையே மாற்றிவிடுவது நல்லது. டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலரையும் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம், வேலை முடிந்த எஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலில் (லோடு இல்லாமல், வண்டி நின்றபடி) ஓடவிடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகி ரிங் படியாமல் போய்விடும். ஆயில் பிரஷர், ஒழுகல் எல்லாம் சரி பார்த்துவிட்டு, மிதமான லோடுடன் ரோட்டில் ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே உலோகத் துணுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.