மூக்கெலும்பை ஒடுக்கும் அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

"மூக்கு அகலமா இருக்கு, எலும்பை உடைச்சு ஒடுக்கிடலாமா?" என்று கேட்பவர்களில் பலருக்கு அகலமாக இருப்பது எலும்பே அல்ல. தவறு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு கண்களுக்கு நடுவே, மூக்கின் இரு பக்கமும் வைத்து மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள். முதலில் கெட்டியாக, அசையாமல் இருக்கும். பாதி தூரம் போவதற்குள் விரலுக்கு வளைந்துகொடுக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கெட்டியான மேல்பகுதி மட்டும்தான் எலும்பு, மொத்த மூக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் குருத்தெலும்பு, தசை, தோல்.

உங்கள் கண்ணை உறுத்துவது நுனியோ, சிரிக்கும்போது விரிகிற மூக்கு மடலோ என்றால் எலும்பில் கை வைத்துப் பிரயோஜனம் இல்லை. சொல்லப்போனால் மேலே ஒடுங்கிய பிறகு கீழ்ப்பகுதி முன்னைவிட விரிந்ததாகத் தெரியும். நம் ஊர் முகங்களில் நிறையப் பேருக்கு அகலம் மடலில்தான் இருக்கிறது. அதற்கு மடல் கன்னத்தோடு சேரும் மடிப்பில் சிறு துண்டு எடுத்துத் தைக்கும் சிகிச்சை இருக்கிறது. நுனியின் குருத்தெலும்பைத் தையல் போட்டு ஒடுக்குவது இன்னொன்று. மூன்றுக்கும் செலவு வேறு, தழும்பு வேறு, ஆறும் காலமும் வேறு.

செல்ஃபியை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்தால், கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகத்தான் விழும். முகத்திலிருந்து 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 5 அடி தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சர்ஜனிடம் காட்ட வேண்டியது அந்தப் படங்களைத்தான்.

பக்கவாட்டுப் படத்தில் இன்னொன்றும் தெரியவரும். மூக்குத்தண்டு தாழ்ந்திருந்தால் எலும்பு அளவாக இருந்தாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது அகலமாகவே தோன்றும், ஏனென்றால் ஒளி விழுவதற்கு மேடு இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு விலா அல்லது காதுக் குருத்தெலும்பை எடுத்துத் தண்டை உயர்த்தினாலே மூக்கு ஒடுங்கியதாகத் தெரியும், எலும்பை வெட்டவே தேவைப்படாமல் போகலாம். சிலிகான் வைப்பதும் உண்டு, ஆனால் அதில் கிருமித்தொற்று வரவும், பல வருடம் கழித்துக்கூடத் தோலைத் துளைத்து வெளியே வரவும் வாய்ப்பு இருக்கிறது. ஊசியில் ஃபில்லர் (தோலுக்கடியில் நிரப்பும் ஜெல்) போட்டு மேடாக்குவதை ரொம்பச் சாதாரணமான விஷயம் போலப் பேசுகிறார்கள். மூக்கின் ரத்தக்குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்கும் தொடர்பு இருக்கிறது. ஃபில்லர் தவறிப்போய்க் குழாய்க்குள் இறங்கினால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் காரியம் இல்லை அது.

கிளிப் மாட்டுவது, எண்ணெய் தடவி நீவுவது, மூக்குக்கான பயிற்சிகள் எல்லாம் எலும்பை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. "குளிப்பாட்டும்போது பாட்டி மூக்கைப் பிடிச்சுவிடல, அதான் சப்பையாப் போச்சு" என்று இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். மூக்கின் வடிவம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. குழந்தையின் மூக்கைப் பிடிப்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, அகலம் எலும்பில்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதிலும் இரண்டு அகலம் உண்டு: எலும்பு கன்னத்தோடு சேரும் அடிப்பகுதியின் அகலம், மேலே தண்டின் அகலம். அடியை ஒடுக்க இரு பக்கமும் கீழே வெட்ட வேண்டும், தண்டை ஒடுக்க நடுவில் வெட்ட வேண்டும், எலும்பு வெளிப்பக்கம் புடைத்திருந்தால் இரண்டுக்கும் இடையில் இன்னொரு வெட்டு தேவைப்படலாம். ஆஸ்டியாட்டமி என்று சொல்வது இந்த வெட்டுகளைத்தான். பெரும்பாலும் முழு மயக்கத்தில் செய்வார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள உளியை மூக்குத் துவாரத்தின் உட்புறமாகவோ, தோலில் சின்னத் துளை போட்டோ எலும்பில் பதிப்பார்கள். உதவியாளர் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டத் தட்ட, சர்ஜன் இன்னொரு கையின் விரலைத் தோல்மேல் வைத்து உளிமுனை எங்கே போகிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே நகர்த்துவார். கடைசியில் இரு பக்க எலும்பையும் விரலால் அழுத்தி உள்ளே தள்ளுவார். வெட்டு சற்று உயரத்தில் போய்விட்டால் மூக்கின் பக்கத்தில் படிக்கட்டு போல ஒரு விளிம்பு தோலுக்கு மேலேயே தெரியும். நடு வெட்டு நெற்றி எலும்புக்குள் ஏறிவிட்டால் கீழே அழுத்தும்போது மேல்முனை வெளியே தூக்கிக்கொள்ளும். ஆகவே "எலும்பை உடைப்பாங்க, அவ்வளவுதான்" என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு எந்த வெட்டு, ஏன் என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறாக, பயந்துபோய் "எலும்பை உடைக்க வேண்டாம், மூக்குத்தண்டில் புடைத்திருக்கும் மேட்டை மட்டும் தேய்த்தால் போதும்" என்று அடம்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். மூக்கெலும்பு ஓட்டுக்கூரை மாதிரி இரு பக்கமும் சரிந்து மேலே சேர்கிறது. முகட்டைச் செதுக்கி எடுத்தால் நடுவில் திறந்துகொள்ளும், இரு சரிவையும் நெருக்கி மூடாவிட்டால் தண்டு தட்டையாக, முன்னைவிட அகலமாகத் தெரியும். மேடு சின்னதாக இருந்தால் தப்பிக்கலாம். பெரிதாக இருந்தால் பக்க வெட்டுகள் இல்லாமல் முடியாது.

நான் ரொம்பக் கவலைப்படுவது மூச்சு விஷயத்தில். எலும்பை உள்ளே தள்ளும்போது மூச்சுப்பாதையும் ஒடுங்கலாம். அதனால்தான் பக்க வெட்டு ஆரம்பிக்கும் இடத்தில், எலும்பின் கீழ்மூலையில் ஒரு சிறு முக்கோணத்தைத் தொடாமல் விடுவார்கள். அதையும் சேர்த்து நகர்த்தினால் உள்ளே பக்கச்சுவரில் துருத்தி நிற்கும் டர்பினேட் என்ற எலும்பு மடிப்பின் முன்பகுதி பாதையை அடைக்கலாம். மூக்கெலும்பு குட்டையாக உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்: எலும்புக்குக் கீழே தொங்கும் நடுப்பகுதிக் குருத்தெலும்பு பிடிமானம் இழந்து உள்ளே சரியும், முன்னாலிருந்து பார்த்தால் தலைகீழான 'வி' போல நிழல் விழும், மூச்சும் அடைக்கும். மூச்சுப்பாதையிலேயே மிகக் குறுகலான இடம் அந்த நடுப்பகுதிதான். அதைத் தாங்குவதற்காக நடுச்சுவரின் இரு பக்கமும் குருத்தெலும்புப் பட்டை வைத்துத் தைக்கும் முறையை அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஜாக் ஷீன் 1984-ல் விவரித்தார், இன்றும் அதுதான் அடிப்படை. உங்களுக்கு அது தேவையா என்று சர்ஜன் தானாகப் பேசவில்லை என்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே ஒரு பக்கம் அடைப்பு, குறட்டை, வாயால் மூச்சுவிடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூக்கின் பக்கத்தில் கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்து, மூச்சு சட்டென்று சுலபமானால் அதையும் சொல்லுங்கள். நடுச்சுவர் வளைந்திருந்தால் அதே அறுவையில் நேராக்கிவிடலாம், அங்கே எடுக்கும் குருத்தெலும்பு பட்டை வைக்கவும் உதவும். அழகுக்காகப் போனவருக்கு மூக்கின் உள்ளே பார்க்காமலேயே தேதி கொடுக்கும் இடத்தில் அறுவை செய்துகொள்ளாதீர்கள்.

நடிகையின் படத்தைக் கொண்டுபோய் "இதே மாதிரி" என்பது வழக்கமாகிவிட்டது. எலும்பின் அடி அகலம், இரு மடல்களுக்கும் இடையே உள்ள தூரத்தில் 75 முதல் 80 சதவீதம் இருப்பது பொதுவான கணக்கு. அதற்குக் கீழே போகப்போக மூக்கு கிள்ளிவிட்டது போலத் தெரியும், அகன்ற கன்னத்தோடு ஒட்டாது. எடுத்ததைத் திருப்பி வைப்பது ஒடுக்குவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

பீசோ விளம்பரங்கள் இப்போது எங்கும் இருக்கின்றன. அதிர்வலையால் எலும்பை வெட்டும் கருவி அது, எலும்பை வெட்டும், மென்சதையைப் பெரிதாகக் காயப்படுத்தாது, வெட்டும் துல்லியமாக விழும். ஆனால் அதை வைக்க எலும்பின் மேல் தோலை அகலமாகத் தூக்க வேண்டும், நேரமும் பிடிக்கும். நல்ல கருவிதான், ஆனால் எங்கே எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானிப்பது கருவி அல்ல. யார் செய்கிறார், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் படித்தவரா, இஎன்டி-யில் எம்எஸ் முடித்து மூக்கு அறுவையில் பயிற்சி பெற்றவரா என்று முதலில் பாருங்கள். உங்களைப் போன்ற தோல், உங்களைப் போன்ற மூக்கு உள்ளவர்களுக்கு அவர் செய்ததன் படங்களைக் கேளுங்கள், ஒரு மாதம் கழித்து எடுத்தது வேண்டாம், ஒரு வருடம் கழித்து எடுத்தது. மயக்க மருந்து நிபுணர் யார், சரியாக வராவிட்டால் மறு அறுவைக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

அறுவைக்கு முன் ஆஸ்பிரின், இபுபுரூஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள், இவற்றில் சில ரத்தக்கசிவைக் கூட்டும். இதய நோய்க்காக எடுக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகரெட்டைச் சில வாரங்கள் முன்பே நிறுத்துங்கள். மூக்குத்தியைக் கழற்றி வைக்க வேண்டும், எப்போது திரும்பப் போடலாம் என்பதை டாக்டர்தான் சொல்வார்.

அப்புறம், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு இந்த அறுவை வேண்டாம். கட்டு ஒரு வாரம் போல இருக்கும், கண்ணைச் சுற்றிய கருநீலம் இரண்டு வாரம் வரை நிற்கும், பெரும்பகுதி வீக்கம் சில வாரங்களில் வடிந்தாலும் மிச்சம் அடங்க ஒரு வருடம் ஆகும், தடித்த தோலுக்கு அதற்கு மேலும். கட்டைப் பிரித்த அன்று மூக்கு முன்னைவிட அகலமாகத் தெரிவதைப் பார்த்து அழுதுவிடுபவர்கள் உண்டு, அது வீக்கம். அதைப் பார்த்துப் பயந்து இரண்டாவது மாதமே வேறு மருத்துவமனையில் மறு அறுவைக்குப் போய்விடாதீர்கள், பொதுவாகக் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். முதல் ஆறு வாரம் போல மூக்குக் கண்ணாடி தண்டின்மேல் உட்காரக் கூடாது, பலமாக மூக்குச் சிந்தவும் கூடாது.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் இருக்கின்றன: நிற்காத ரத்தம், காய்ச்சலோடு கூடும் வலி, பார்வையில் மாற்றம், குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.